மதுரை சுத்துப்பட்டு ஊத்துகள்: பட்டியலில் 43 இடம், கையில் ஞாயித்துக்கிழமை மட்டும். எதை முதல்ல எடுக்க?

ஊத்துக்கண் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நாங்க ஆறு பேர், மூணு டூவீலர். ஞாயித்துக்கிழமைதான் லீவு. அழகர்மலை அடிவாரத்துலேருந்து நாகமலை வரைக்கும், அங்கிட்டு மேலூர்ப் பாறைக்குன்றுகள் வரைக்கும், நிலத்தடி நீரை நம்பி உயிர் வாழுற இடங்களை ஒரு வருஷமா குறிச்சுட்டு வர்றோம். ஊத்து, சுனை, கோடையிலும் ஈரம் காயாத ஓடை, கோயில்காடு, ஆத்தோர மருதமரக் கூட்டம்னு எல்லாம் சேத்து 43 வந்திருக்கு. மழை நின்னு நாலு மாசம் ஆன பிறகும் ஒரு இடம் பச்சையா இருந்தா, அடியிலேருந்து அதுக்குத் தண்ணி வருதுன்னு அர்த்தம். அதுதான் எங்க கணக்கு.

43-ஐயும் எங்களால தொடர்ந்து போய்ப் பாக்க முடியாது. அஞ்சு இடம் எடுத்தாதான் உருப்படியா ஏதாவது செய்யலாம். அதனால ஒரு மார்க் முறை வெச்சோம். மே மாசச் செயற்கைக்கோள் படத்தில் பச்சை எவ்வளவு, அங்க இருக்கும் உயிரினம், ஆபத்து, ஊர்க்காரங்க ஆதரவு. ஒவ்வொண்ணுக்கும் பத்து மார்க், நாலையும் கூட்டிட்டோம். முதல் இடத்தில் வந்தது திருமங்கலம் பக்கம் ஒரு கம்மாயோட உள்வாய். ரெண்டாவது வைகையில் நகரத்துக்குள்ள ஒரு துண்டு. மூணாவது ஒரு குவாரிப் பள்ளத்தைச் சுத்தின இடம். அரிட்டாபட்டி ஆறாவது. எங்கேயோ உதைக்குதுன்னு எங்களுக்கே தெரியுது. சொல்லுங்க.

மேலூர்க்காரன்

அரிட்டாபட்டி ஆறாவதா? மார்க் போட்ட கையைக் காட்டுங்க தம்பி, முத்தம் குடுக்கணும்.

2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்ச ஊரு. ஏழு குன்று, அதை நம்பி 72 ஏரி, 200 இயற்கைச் சுனைன்னு அரசு அறிவிப்பே சொல்லுது. வல்லூறு, அழுங்கு, தேவாங்கு எல்லாம் இருக்கு. டங்ஸ்டன் சுரங்கம்னு ஏலம் விட்டு, சுத்துப்பட்டு ஊரெல்லாம் ரோட்டுக்கு வந்து, 2025 ஜனவரியில ரத்து பண்ண வெச்சோம். அது ஆறாவதுன்னா உங்க பட்டியலை மடிச்சு வெச்சுருங்க.

தட்டான்

அண்ணே, கோபப்படாதீங்க, தப்பு பட்டியல்ல இல்ல, படத்துல இருக்கு.

அந்தத் திருமங்கலம் கம்மாய் உள்வாய்க்குப் போன மே மாசம் தும்பி எண்ணப் போயிருந்தேன். பச்சைதான். அத்தனையும் சீமைக்கருவேலம்! அதோட வேர் எவ்வளவு ஆழம் போகும்னு நம்மூர்ல யாருக்கும் சொல்ல வேணாம். மே மாசம் மதுரை மாவட்டத்தை மேலேருந்து பாத்தா, பச்சையா நிக்கிறதுல முக்காவாசி அதுவாத்தான் இருக்கும். அதுவும் நிலத்தடி நீரை நம்பி வாழுற மரந்தான், பொய் இல்ல. ஆனா நாம காப்பாத்த வேண்டிய பட்டியல்ல முதல் மார்க் அதுக்குன்னா சிரிப்பு வருது.

உங்க ரெண்டாவது இடம், நகரத்துக்குள்ள வைகை. வருஷம் பூரா அங்க தண்ணி இருக்கிறது ஊத்துனால இல்ல, சாக்கடைனால. ஆகாயத்தாமரைப் பச்சை. படத்துக்கு மூக்கு கிடையாது.

மூணாவது குவாரிப் பள்ளம். அது நிலத்தடி நீரை நம்பி இருக்குன்னு சொல்றதைவிட, நிலத்தடி நீர்ல விழுந்த ஓட்டைன்னு சொல்லலாம். சுத்தியிருக்கிற பாறை வெடிப்பெல்லாம் அதுக்குள்ள கசிஞ்சு, வெயில்ல ஆவியாப் போய்க்கிட்டு இருக்கும். முக்குளிப்பான் வந்து நீந்துறதைப் பாத்து ஏமாந்துராதீங்க.

நீர்மட்டம்60

தம்பி ஊத்துக்கண்ணுக்கு: நிலத்தடி நீர் அளவையில் பல வருடம் கிணறு கிணறாகக் கயிறு விட்டவன் என்ற முறையில் சில சொல்கிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலைத் திறந்ததும் உறுத்தியது, நீங்கள் 'சுனை' என்று போட்டிருக்கும் 17 இடங்கள். எல்லாச் சுனையும் ஊற்று அல்ல. பாறையின் மேல் ஒரு குழி, அதில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறது என்றால் அதுவும் சுனைதான். ஆனால் அடியில் ஓட்டை இல்லாத பாறை. கீழே ஆயிரம் அடிக்கு போர் போட்டாலும் அந்தச் சுனைத் தண்ணீர் ஒரு விரற்கடை குறையாது. அதற்கு எதிரி வெடிமருந்தும் பிளாஸ்டிக் பாட்டிலும்தான். அதைக் காப்பாற்ற வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வேறு வழக்கு, வேறு கோர்ட்.

உங்கள் வழக்கு, பாறைக்குள்ளிருந்து தண்ணீர் வரும் இடங்கள். நம் மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறை. தண்ணீர் இருப்பது மேலே உதிர்ந்து பொடிந்த அடுக்கிலும், அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே. ஆற்று மணலைத் தவிர இங்கே பெரிய சேமிப்பு கிடையாது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும், சித்திரைக்குள் வடிந்துவிடும். அதையும் மீறி வைகாசியில் ஒரு ஊற்றுக்கண் கசிகிறது என்றால் அதற்கு மேலே எங்கோ நல்ல மண்ணும் மரமும் உள்ள சரிவு இருக்கிறது.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். மழைச்சுனையில் கார்த்திகையில் உப்பு மிகக் குறைவாக இருக்கும், வெயில் ஏற ஏறத் தண்ணீர் சுண்டி எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். ஊற்றில் தொடக்கத்திலேயே சற்று அதிகமாக இருக்கும், ஏனென்றால் அது பாறையோடு பழகி வந்த தண்ணீர். ஆனால் மாசியிலும் வைகாசியிலும் ஏறக்குறைய அதே எண் நிற்கும். அடுத்தது சூடு: விடியற்காலையும் உச்சி வெயிலும் ஊற்றுக்கண்ணுக்குப் பக்கத்தில் தண்ணீரில் கையை வைத்துப் பாருங்கள். ஊற்றின் வாயில் பெரிய வித்தியாசம் தெரியாது. வழிந்து ஓடுகிற இடமாக இருந்தால் ஒரு பத்து லிட்டர் வாளியும் கைக்கடிகாரமும் போதும். நிரம்ப எத்தனை விநாடி என்று எழுதிக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

இன்னொரு பொறி உண்டு. கள்ளந்திரி, மேலூர்ப் பக்கம் பெரியாறு பாசனக் கால்வாயை ஒட்டிய ஊற்றுகள் பல, கால்வாய்க் கசிவு. தண்ணீர் திறந்த சில வாரத்தில் கண் திறக்கும், அடைத்தால் மூடும். அதை நீங்கள் மலைக்கணக்கில் எழுதிவைத்தால், கடைசியில் முல்லைப் பெரியாற்றைக் காப்பாற்றப் புறப்பட்ட மாதிரி ஆகிவிடும்.

ஊத்துக்கண்

ஐயா, 17 சுனையில் எத்தனை ஊத்துன்னு எனக்கு இப்பவே சொல்லத் தெரியல. சமணர்மலைப் பேச்சிப்பள்ளம் ஊத்துன்னுதான் கேள்வி. மத்ததெல்லாம் ஊர்ல 'வத்தாத சுனை'ன்னு சொன்னதை அப்படியே எழுதினது. மீட்டர் வாங்கிடுறேன்.

அழகர்மலை நூபுர கங்கையை என்ன பண்ண? அது வத்தாத ஊத்துங்கிறதுல சந்தேகம் இல்ல. ராக்காயி அம்மன் காவல், காப்புக்காடு, கோயில், எல்லாம் சுத்தியிருக்கு. அழகருக்கே அந்தத் தண்ணிதான். அஞ்சுல ஒண்ணா அதைப் போட்டா ஒரு இடம் வீணாகிடுமோ?

நீர்மட்டம்60

போடாதீர்கள். ஆனால் மாதாமாதம் அளக்க முடிந்தால் அளந்துகொள்ளுங்கள். மேலே போர் இல்லாத, காடு கெடாத ஒரு ஊற்று எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்தால்தான், அடிவாரத்து ஊற்று குறைவது மழை குறைவாலா மோட்டாராலா என்று பிரிக்க முடியும். அது உங்களுக்கு அளவுகோல், நோயாளி அல்ல.

வைகைக்கரை

எல்லாரும் மலைமேலேயே ஏறுறீங்க. நான் ஆத்துக்குள்ள இறங்குறேன்.

சோழவந்தானுக்குக் கீழ எங்க ஊரு. நான் சின்னப்புள்ளையா இருந்தப்ப எங்க அப்பத்தா வெண்கலக் குடத்தைத் தூக்கிக்கிட்டு ஆத்துக்குப் போகும். மணல்ல முழங்கை ஆழம் தோண்டும், முதல்ல கலங்கின தண்ணியைச் சிரட்டையால இறைச்சு ஊத்திட்டு உக்காந்துக்கும். அஞ்சு நிமிசத்துல கண்ணாடி மாதிரி ஊறும். 'தொட்டனைத் தூறும் மணற்கேணி'ன்னு வாத்தியார் சொன்னப்ப எனக்கு விளக்கமே தேவைப்படல. ஆறு மேல ஓடாத மாசத்திலும் கீழ ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. மதுரைக்காரங்க குடிச்சதும் அதைத்தான், கோச்சடையிலும் மணலூரிலும் ஆத்துக்குள்ள கிணறு எறக்கித்தான் ஊருக்குத் தண்ணி குடுத்தாங்க.

இப்ப மணல் எங்க? பல இடத்துல களிமண்ணும் பாறையும் பல்லை இளிக்குது. அழகர் ஆத்துல இறங்குறதுக்கே அணையிலேருந்து திறந்துவிட வேண்டியிருக்கு. கரையில மருதமரம் இன்னும் நிக்குது. வையைத் திருமருதத்துறைன்னு பழம்பாட்டுல வர்ற மரம். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? எல்லாம் கிழட்டு மரம். கீழ ஒரு கன்னு கிடையாது. பெரிய மரத்து வேர் எப்படியோ எட்டிப் புடிச்சுக்கிருது, முளைச்ச கன்னுக்கு எட்டல. இன்னும் முப்பது வருசத்துல மரமும் போயிரும், அப்ப படம் எடுத்துப் போட்டு அழுவோம்.

என் கேள்வி இதுதான். இந்த மாவட்டத்திலேயே பெரிய நிலத்தடி நீர் உயிரிடம் வைகை மணல்தான். அதை விட்டுட்டு எவ்வளவு சின்னச் சின்ன ஊத்தைக் காப்பாத்துவீங்க?

தட்டான்

கன்னு இல்லாத சங்கதி ரொம்ப முக்கியம்க்கா. ஊத்துக்கண், இதை மார்க் முறையில சேத்துக்கோங்க: மரம் நிக்குதான்னு பாக்காதீங்க, இடுப்பளவு கன்னு இருக்கான்னு பாருங்க.

ஆனா வைகைக்கு ஆறு பேர் என்ன செய்ய முடியும்? அணை, மணல், சாக்கடை, கூட்டுக்குடிநீர்னு நாலு பக்கமும் அரசாங்கம். எங்க கை பட்டா நிலைமை மாறுமோ அங்க போறதுதானே புத்தி?

வைகைக்கரை

கைக்கு எட்டினதைக் காப்பாத்துறதுக்குப் பேரு முன்னுரிமையா? அது சௌகரியம். எட்டாததைப் பட்டியல்லேருந்தே எடுத்துட்டா, பத்து வருசம் கழிச்சு அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னே யாருக்கும் தெரியாது.

மேலூர்க்காரன்

அக்கா சொல்றதுல பாயிண்டு இருக்கு.

கருப்புக்கோட்டு

சட்டப் பக்கம் கொஞ்சம். சுருக்கமாச் சொல்லப் பாக்குறேன், தொழில் அப்படி, நீண்டா மன்னிக்கணும்.

தமிழ்நாட்டுல 2003-ல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் வந்துச்சு, 2013-ல் அதை ரத்தே பண்ணிட்டாங்க. சதுப்புநிலம், ஈரநிலம்னு 2017 மத்திய விதிகளைப் புடிச்சுக்கிட்டு வரலாம்னா, அதுல ஆத்துப் படுகையும் பாசனத்துக்கு வெட்டின கம்மாயும் விலக்கு. ரெண்டு சென்ட் ஊத்து எந்தப் பட்டியலிலும் ஏறாது. கையில இருக்கிற ஒரே உருப்படி, 2002 பல்லுயிர்ச் சட்டம், 37-ஆம் பிரிவு. அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா ஆனது அதுலதான். 2025-ல் நத்தம் பக்கம் காசம்பட்டி வீரகோயில் காடும் வந்துச்சு, 4.97 எக்டேர். ஊராட்சியிலே பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், அந்தக் குழு தீர்மானம் போட்டா மேல நகரும். ஆனா அஞ்சு எக்டேருக்கு வேலி போடலாம், அந்த வேருக்கு வர்ற தண்ணிக்கு எங்க வேலி போடுவீங்க? அது வேலிக்கு வெளிய எவனோ ஒருத்தன் பட்டா நிலத்துக்கு அடியில வருது.

அரசு நிலத்தடி நீர்க் கணக்கு இன்னொரு கூத்து. குறுவட்டம் வாரியா, வருசம் ஊறுறதுல 70 சதவீதம் வரைக்கும் எடுத்தா 'பாதுகாப்பானது'. 100-ஐத் தாண்டினா 'அதிநுகர்வு'. மொத்த ஊறலில் இயற்கையா வெளியேறுறதுக்குன்னு 5 இல்லாட்டி 10 சதவீதம் கழிச்சுட்டு மிச்சமெல்லாம் மனுசன் எடுக்கலாம்னு கணக்கு. ஊத்தும் ஓடையும் மருதமரமும் அந்த அஞ்சு பத்துக்குள்ள குடும்பம் நடத்தணும்.

நீர்மட்டம்60

வக்கீல் சார் சொன்னதோடு ஒன்று. ஊற்று என்பது நீர்மட்டத்தின் விளிம்பு. மட்டம் அதன் வாய்க்கு ஒரு அடி கீழே போனால் ஊற்று செத்தது. அதே ஒரு அடியில் கிணற்றுக்காரருக்கு ஒன்றும் தெரியாது, மோட்டார் ஓடும். ஆகையால் 'பாதுகாப்பான' குறுவட்டத்திலேயே ஊற்றெல்லாம் காய்ந்து கிடக்கலாம். அரசு வரைபடத்தில் சிவப்பு நிறம் தேடிப் போகாதீர்கள். சிவப்பான இடத்தில் ஊற்று போய்ப் பல காலம் ஆகியிருக்கும். இன்னும் பச்சையாகக் காட்டும் இடத்தின் ஓரத்தில்தான் உங்களுக்கு வேலை.

மார்க்கைக் கூட்டாதீர்கள், பெருக்குங்கள். கூட்டினால், நிலத்தடி நீரே வராத மழைச்சுனைகூட உயிரினத்துக்கும் ஊர் ஆதரவுக்கும் மார்க் வாங்கி மேலே வந்துவிடும். பெருக்கினால் 'நிலத்தடி நீரைச் சார்ந்தது' என்பதில் பூச்சியம் வாங்கியது மொத்தத்தில் பூச்சியம். அதே மாதிரி, மேலே உள்ள சரிவு முழுக்கக் குவாரி ஆகிப் போயிருந்தால் அதற்கும் பூச்சியம். மனசு கேட்காது. போடத்தான் வேண்டும்.

கலுங்கடி

நாலு நாளா படிச்சுக்கிட்டே இருக்கேன். இப்பத்தான் எழுதுறேன். இந்த இழையில எல்லாரும் 'மோட்டார்', 'போர்'னு சொல்றது என்னையத்தான்.

உங்க பட்டியல்ல 22-ஆவதா இருக்கே, அழகர்மலைக்கு வடக்கால ஓடை, அதுக்குக் கீழ என் தோட்டம். தோட்டத்துல ஒரு பழைய கிணறு, 60 அடி. எங்க அய்யா காலத்துல கமலை ஓடுன கிணறு. அது போதாம 350 அடி போர் போட்டேன். அதுவும் காத்துதான் வந்துச்சு. அடுத்தது 720 அடி. ரெண்டுக்கும் வாங்குன வட்டி இன்னும் முடியல. போர் வண்டிக்காரரும் பாயிண்டு பாத்தவரும் காசை வாங்கிட்டுப் போயிட்டாங்க, தண்ணி வந்தாலும் வராட்டியும் அவுகளுக்கு ஒண்ணுதான். தென்னை 80 நிக்குது. கோடையில அதுக்குத் தண்ணி விடாதேன்னு ஒரு மார்க் போட்டுட்டு நீங்க ஞாயித்துக்கிழமை டூவீலர்ல போயிருவீங்க. மரம் எனக்குப் போகும்.

நான் ஊத்துக்கு விரோதி இல்ல. அந்த ஓடையில தாழம்புதர் இருந்துச்சு, நாவல் இருந்துச்சு. சின்ன வயசுல நண்டு புடிச்ச இடம். என் போர் வந்தப்புறம் ஓடை சித்திரையிலேயே நின்னுபோச்சுங்கிறது எனக்குத் தெரியும். யாரும் வந்து அளந்து சொல்ல வேணாம்.

ஊத்துக்கண்

அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க வந்து மோட்டாரை நிறுத்துங்கன்னு சொல்லப்போறதில்ல. சொன்னாலும் நீங்க கேக்கத் தேவையில்ல. உங்க இடத்துல இருந்து பாத்தா எது சாத்தியம்னு சொல்லுங்க, அதை எழுதிக்கிறோம்.

கலுங்கடி

இருக்கிற போரை மூடச் சொன்னா முடியாது. ஆனா மூணாவது போர் போடாதேன்னு சொன்னா யோசிப்பேன், ஏன்னா எனக்கே பயம். எனக்கு மேக்கால ஒருத்தர் புதுசா இடம் வாங்கி, அடுத்த மாசம் வண்டி வருதுன்னு பேச்சு. அவர்கிட்ட ஊர்ல பேசலாம். மேல மலையடியில ஒரு ஊருணி தூந்து கிடக்கு, அதைத் தூர்வாரி வரத்துக்காலைச் சரி பண்ணினா என் கிணத்துக்கும் வரும், ஓடைக்கும் வரும். அதுக்கு நான் டிராக்டர் தர்றேன், டீசல் நீங்க போடுங்க.

நீர்மட்டம்60

கலுங்கடி ஐயாவின் இந்த ஒரு பதிவு என் எல்லாப் பதிவையும்விடப் பயனுள்ளது. ஒரு சேதி மட்டும்: கடினப் பாறையில் தூரம் பெரிய கணக்கில்லை, வெடிப்பு ஓடும் திசைதான் கணக்கு. வெடிப்பின் வழியில் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற போர் ஊற்றைக் காயவைக்கும், பக்கவாட்டில் இருநூறு மீட்டரில் இருக்கிறது ஒன்றும் செய்யாமல் போகலாம். மேற்கே வரப்போகிற போர் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் நல்லது. ஐயாவின் பழைய கிணற்றில் வாரம் ஒருமுறை, மோட்டார் ஓடாத விடியற்காலையில், கயிறு விட்டு மட்டம் எழுத முடியுமா?

கலுங்கடி

வெள்ளென எந்திரிக்கிறவன்தான். எழுதுறேன்.

தட்டான்

கிணறுன்னதும் ஞாபகம் வருது. நாம எல்லாரும் ஊத்துக்கு மேல இருக்கிறதையே பேசுறோம். பாறை வெடிப்புக்குள்ளேயும் உயிர் இருக்கு. கேரளாவுல வீட்டுக்கிணத்துலேருந்தே கண்ணில்லாத கெளுத்தி மீன் புடிச்சு விவரிச்சிருக்காங்க. நம்ம பக்கத்துக் கிணத்துல தேடணும்னு ரொம்ப நாளா ஆசை. கலுங்கடி அண்ணே, தண்ணி இறைக்கிறப்ப வெளுத்த, கண்ணு இல்லாத பூச்சியோ இறால் மாதிரியோ ஏதாச்சும் தட்டுப்பட்டா சொல்லுங்க.

ஊத்துக்கண்

மறுபடி போட்டுப் பாத்தோம், இந்தத் தடவை பெருக்கி. 43-ல் 9-க்குப் பூச்சியம் (திருமங்கலம் கம்மாய், குவாரிப் பள்ளம், நகரத்து வைகைத் துண்டு எல்லாம் அதுல). சுனைகளை மே மாசம் டிடிஎஸ் பாக்குற வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்கோம், பேச்சிப்பள்ளமும் அதுல சேத்தி. மேலூர்க்காரன் அண்ணே, அரிட்டாபட்டி உள்ள வந்துருச்சு, ஆனா முழு ஊரா இல்ல. 200 சுனையில வைகாசியிலும் கசியுறது எதுன்னு நீங்கதான் கூட்டிட்டுப் போய்க் காட்டணும். 22-ஆவது ஓடை இப்ப முதல் இடம். காரணம் மார்க் இல்ல, மேக்கால அடுத்த மாசம் வரப்போற வண்டி.

வைகைக்கரை அக்கா, சோழவந்தானுக்குக் கீழ மணல் மிச்சம் இருக்கிற ஒரு துண்டை அஞ்சுல ஒண்ணா எடுத்திருக்கோம். மருதங்கன்னு எண்ணுறது மட்டும்தான் எங்களால முடியும்.

வைகைக்கரை

எண்ணுங்க. ஆனா நான் சொன்னதை வாபஸ் வாங்கல.

மேலூர்க்காரன்

வைகாசியில வாங்க. பழைய சோறும் மோர்மிளகாயும் என் பொறுப்பு. 200-ஐயும் காட்டுறேன்னு சொல்ல மாட்டேன், எனக்கே முப்பதுக்கு மேல தெரியாது.

கலுங்கடி

இன்னைக்கு வெள்ளென கயிறு விட்டேன். 41 அடியில தண்ணி. நோட்டுல எழுதிட்டேன்.

வாளியில ஒண்ணு வந்துச்சு. நகக்கண் அளவு, வெள்ளையா, கால் நிறைய இருக்கு. கண்ணு இருக்கிற மாதிரி தெரியல, எனக்குக் கண்ணாடி போட்டாலும் சரியா தெரியாது. பிஸ்கட் டப்பாவுல கிணத்துத் தண்ணியோட விட்டு வெச்சிருக்கேன். செத்துப்போறதுக்குள்ள யாராச்சும் வாங்க.

தட்டான்

டப்பாவை மூடாதீங்கண்ணே, வெயில் படாம நெல்லுக்குதிர் பக்கம் வைங்க. சாதாரணக் கிணத்துப் பூச்சியாக்கூட இருக்கும். கிளம்பிட்டேன், நத்தம் பஸ் ஏறுறேன்.